குரல்வளை எடுத்தவருக்கு மூச்சுத் தொல்லையா? அறிகுறி பார்த்து ஒவ்வொன்றாக

என் அப்பாவுக்குக் குரல்வளையை முழுவதுமாக எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. அவரோடு செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் புதிதாக ஆபரேஷன் முடித்தவர்களின் வீட்டார் யாராவது என் நம்பரை வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் நேரங்கெட்ட நேரத்தில் போன் வரும். "மூச்சு ஒரு மாதிரி இருக்கு, என்ன பண்றது?" என்பார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலான அழைப்புகளில் காரணம் மூச்சுக் குழாயின் வறட்சி. வீட்டிலேயே சரியாகிவிடும். மீதியில் சில, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாதவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்று. இது குரல்வளையை முழுவதும் எடுத்து, மூச்சு விடக் கழுத்தில் நிரந்தரத் துளை வைத்தவர்களுக்கு மட்டும். தற்காலிகமாக டிரக்கியாஸ்டமி டியூப் போட்டிருப்பவர்களுக்கும், குரல்வளையில் பாதியை மட்டும் எடுத்தவர்களுக்கும் கணக்கே வேறு. அவர்கள் இதைப் பார்த்து எதையும் செய்ய வேண்டாம். சந்தேகமிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கேளுங்கள்.

கையெட்டும் இடத்தில் ஒரு டப்பா இருக்கட்டும். சலைன், ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச், நல்ல டார்ச், சின்ன நிலைக்கண்ணாடி, முனை மழுங்கிய இடுக்கி, துவைத்த பருத்தித் துணிகள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர். அவர் படுக்கை பக்கத்தில் ஒரு மணி அல்லது காலிங் பெல் வையுங்கள். அவரால் கத்திக் கூப்பிட முடியாது. வீட்டில் எல்லோரும் முதல் வாரத்திலேயே மறந்துபோகிற விஷயம் இதுதான்.

## திடீரென மூச்சு அடைக்கிறது

நன்றாக இருந்தவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து கழுத்தைக் காட்டுகிறார், நெஞ்சு குழிகிறது, துளையில் காற்று கீச்சென்று போகிறது அல்லது போகவே இல்லை. அநேகமாக இது கெட்டியான சளி உள்ளே கட்டியாகி அடைத்துக்கொண்டதுதான். வரிசையாக இப்படிச் செய்யுங்கள்:

1. துளையின் மேல் இருக்கும் எல்லாவற்றையும் எடுங்கள். துணி, ஃபில்டர் கேசட், டியூப் போட்டிருந்தால் டியூபும். பேச வைத்திருக்கும் வால்வை மட்டும் தொடாதீர்கள். அது மூச்சுக் குழாயின் பின்சுவரில், உணவுக் குழாய்க்கு நடுவே இருக்கிறது, மூச்சு வழியை அடைக்காது.
2. உட்கார வைத்து, அவர் மூச்சை இழுக்கும்போது 3 மில்லி அளவு சலைனைத் துளைக்குள் விடுங்கள். பலமாக இருமுவார். இரும வேண்டும் என்பதற்காகத்தான் விடுகிறோம், பயப்படாதீர்கள்.
3. வந்ததைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை விடுங்கள். சக்‌ஷன் மெஷின் இருந்து, பயிற்சியும் இருந்தால் உறிஞ்சுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம்.

இரண்டு மூன்று முறை செய்தும் சரியாகவில்லை என்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் மசமசவென்று ஆனாலோ 108. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஆரம்பத்திலேயே போனைக் கையில் எடுத்துவிட வேண்டும். "கழுத்து வழியாக மூச்சு விடுபவர்" என்பது அந்த போனில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

ஆக்சிஜன் கழுத்துத் துளைக்குத்தான் கொடுக்க வேண்டும். மூக்குக்கும் நுரையீரலுக்கும் இவர்களுக்குத் தொடர்பே கிடையாது. முகத்தில் மாஸ்க் மாட்டினால் ஒரு பிரயோசனமும் இல்லை. மூச்சே நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்துவது எல்லோருக்கும் போலத்தான். காற்று ஊதுவது மட்டும் துளையில், வாயில் அல்ல. ஆம்புலன்ஸில் குழந்தைகளுக்கான சின்ன வட்ட மாஸ்க் இருந்தால் அது கழுத்தில் நன்றாகப் பதியும்.

## விசில் சத்தம் வருகிறது, துளையைச் சுற்றிப் பொருக்கு கட்டுகிறது

மேலே சொன்ன அவசரத்துக்கு இதுதான் முன்னோடி. மூக்கு செய்த வேலையை இப்போது செய்ய ஆளில்லை. காற்று காய்ந்தபடியே, தூசியோடு நேராக உள்ளே போகிறது. சளி கெட்டிப்பட்டு, வடித்த கஞ்சி பாத்திர விளிம்பில் காய்ந்ததைப் போல ஒட்டிக்கொள்கிறது. காற்று அதை உரசிப் போகும்போதுதான் விசில்.

தண்ணீர் குறைவா? முதல் கேள்வி இது. இதயம், சிறுநீரகம் என்று டாக்டர் அளவு போட்டிருந்தால் தவிர, நாளைக்கு இரண்டு லிட்டராவது உள்ளே போக வேண்டும். காபியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

துளை வெறுமனே திறந்து கிடக்கிறதா? ஈரம் காக்கும் ஃபில்டர் கேசட்டுகள் இருக்கின்றன. எச்.எம்.இ. என்று கேட்டால் தருவார்கள். விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்து, இழுக்கும் மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும். இரவும் பகலும் போட்டிருந்தால்தான் பலன், அதுவும் சில வாரங்களில்தான் தெரியும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று கழுவிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதன் ஸ்பஞ்சில் ஈரம் பிடிக்கும் உப்பு பூசியிருக்கும், கழுவினால் அது போய்விடும், அப்புறம் அது வெறும் ஸ்பஞ்ச்.

கேசட் விலை எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அப்படியென்றால் இரண்டு மடிப்பு மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கழுத்தில் முன்பக்கம் தொங்கும்படி கட்டுங்கள். காயக் காய மாற்றுங்கள். பழைய வேட்டித் துணி உத்தமம், ஆனால் கஞ்சி போட்டது கூடாது. ஓரம் மடித்துத் தைத்திருக்க வேண்டும். மருந்துக் கடை காஸ் துணியை வெட்டி அப்படியே கட்டினால் நூல் பிரிந்து உள்ளே போகும். டிஷ்யூ பேப்பரும் வேண்டாம். ஈரம் பட்டதும் பிய்ந்து, அடுத்த மூச்சில் ஒரு துணுக்கு உள்ளே போய்விடும். சளி துடைக்கக் கைக்குட்டைதான்.

அறை காய்கிறதா? ஏ.சி.யும், முகத்துக்கு நேராகச் சுற்றும் ஃபேனும் ஒரே ராத்திரியில் பொருக்கு கட்ட வைக்கும். காற்று நேராக அடிக்காதபடி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் சமாளிப்பவர்கள் வேலூர், திருச்சி வெயிலில் ஒரு வாரம் தங்கினால் திணறுவார்கள். ஊருக்குப் போகும்போது சலைனை மறக்கக் கூடாது.

சலைன் விடுகிறீர்களா? சாதாரண நாட்களில் காலை ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, காய்ந்த நாட்களில் கூடுதலாக, 2 முதல் 3 மில்லி. மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன்தான், குழாய்த் தண்ணீர் அல்ல. திறந்த பாட்டிலை மறுநாள் தூக்கிப் போடுங்கள். நெபுலைசர் இருந்தால் அதிலும் இதே சலைனை ஊற்றி, மாஸ்க்கைக் கழுத்தில் பிடிக்க வேண்டும். வாங்கித் தந்துவிட்டு மூக்கில் பிடித்துக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு.

பொருக்கை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு ஓரம் சுவரில் ஒட்டியிருக்கும், இன்னொரு ஓரம் மூச்சுக்கு மூச்சு படபடவென்று ஆடும். முழுவதும் ஒட்டியிருந்தால் அதைத் தொடவே கூடாது. சலைன் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள், மறுபடி விடுங்கள். ஊறி, பாதிக்கு மேல் எழும்பி, உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற துண்டை மட்டும் இடுக்கியால் பிடித்து, அவர் மூச்சை விடும்போது வெளியே இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்கு இடுக்கியோ பட்ஸோ போகக் கூடாது. பஞ்சு கழன்று உள்ளே விழுந்தால் அது தனி வழக்கு.

ஆவி பிடிக்கிற யோசனையை வீட்டுப் பெரியவர்கள் யாராவது கட்டாயம் சொல்வார்கள். கொதிக்கும் சட்டியின் மேல் கழுத்தைக் காட்டிப் போர்வை மூடினால் மூச்சுக் குழாய் வெந்துவிடும். நமக்கு மூக்கும் தொண்டையும் சூட்டைத் தாங்கித் தணித்து அனுப்பும், இவருக்கு அந்த வசதி இல்லை. நொச்சி, மஞ்சள், தைலம் எதுவும் வேண்டாம். ஆவிதான் வேண்டும் என்றால் வெந்நீர் பக்கெட்டைக் குளியலறையில் ஓரமாக வைத்து, கதவைச் சாத்தி, தள்ளி உட்காரட்டும். துளைக்குள் எண்ணெய், வாசலின் தடவுவதும் கூடாது.

எல்லாம் செய்தும் இரண்டு நாளில் விசில் நிற்காவிட்டால் ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள். உள்ளே எட்டாத இடத்தில் இருப்பதை அவர் ஸ்கோப் விட்டுப் பார்த்து எடுத்துவிடுவார்.

## ஓயாமல் இருமல், சளி கொட்டுகிறது

ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்கள் என்றால் இது எதிர்பார்த்ததுதான். புதிய வழிக்கு நுரையீரல் பழகும்வரை சளி கூடுதலாகச் சுரக்கும். கேசட் புதிதாகப் போட ஆரம்பித்த முதல் நாட்களிலும் இருமல் கூடும். காய்ந்திருந்த சளி இளகி வெளியே வருகிறது. "இது ஒத்துக்கல" என்று கழற்றி வைத்துவிடாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள்.

அடுத்து, புகை. சாம்பிராணி, கற்பூரம், கொசுவர்த்தி, மிளகாய் தாளிப்பு, போகி, தீபாவளி. ஒவ்வொன்றும் வடிகட்டப்படாமல் துளை வழியாக நேராக உள்ளே போகும். போகி அன்று ஜன்னலைச் சாத்தி வையுங்கள். மாவு மில், சிமெண்ட் வேலை நடக்கும் இடம் பக்கம் போகும்போது ஈரத்துணி கட்டாயம். சலூனில் முடி வெட்டும்போது துளைக்கு மேல் துணியை இறுக்காமல் மூடி, பவுடர் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட்டை ரகசியமாகத் தொடர்பவரும் உண்டு. அவர் சளி எதற்கும் அடங்காது.

சளியின் நிறத்தைப் பாருங்கள். நிறமில்லாமல், வெள்ளையாக இருந்தால் கவலை இல்லை. மஞ்சள் அல்லது பச்சையாக மாறி, நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் டாக்டர். பழைய சீட்டில் இருந்த ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும், தனியாக நிமோனியா தடுப்பூசி பற்றியும் அடுத்த செக்கப்பில் கேட்டுவிடுங்கள்.

## சளியில் ரத்தம்

ஒரு கீற்று, ஒரு புள்ளி என்றால் வறட்சியாலோ, பொருக்கைப் பிய்த்ததாலோ, சக்‌ஷன் குழாய் பட்டதாலோ இருக்கும். இடுக்கியை ஓரம் வைத்துவிட்டு, மேலே சொன்ன ஈர வைத்தியத்தைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தாலோ, துளை ஓரத்தில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ அந்த வாரமே டாக்டர் பார்க்க வேண்டும். குரல்வளையை எடுப்பது பெரும்பாலும் புற்றுநோய்க்காகத்தான், அது திரும்பி வரவில்லை என்று அவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். சொட்டுச் சொட்டாக, கட்டிக் கட்டியாக, புது ரத்தமாக வந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. 108 தான்.

## தண்ணீர் குடித்தால் இருமுகிறார்

பேசுவதற்கு வால்வு வைத்தவர்களுக்கு இது என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். வால்வின் ஆயுளே சராசரியாகச் சில மாதங்கள்தான். அலட்சியமாக விட்டால் குடிப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும்.

எங்கே கசிகிறது என்று பார்ப்பது சுலபம். உணவுக்குப் போடும் கலர் ஒரு சொட்டு கலந்த தண்ணீரை ஒரு மடக்கு குடிக்கச் சொல்லி, டார்ச் அடித்து வால்வையே பாருங்கள்.

நடுவிலிருந்து கசிந்தால்: முதலில் அதற்கென்று கொடுத்த பிரஷ்ஷை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றித் துடையுங்கள். சோற்றுப் பருக்கையோ சளியோ மூடியில் சிக்கியிருந்தால் அதோடு சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் பூஞ்சை படிந்து மூடி சரியாக மூடவில்லை என்று அர்த்தம். வால்வை மாற்ற வேண்டும். அடிக்கடி இப்படி ஆகிறவர்களுக்கு நிஸ்டாட்டின் மருந்து எழுதித் தருவார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் பல்செட்டைக் கழுவாதவர்களுக்கும் பூஞ்சை சீக்கிரம் வரும். மோர் இந்தப் படிவைக் குறைக்குமா என்று நெதர்லாந்தில் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டில் மோருக்கா பஞ்சம், குடிக்கட்டும். அதற்காக பிரஷ் போடுவதை விட்டுவிடக் கூடாது.

வால்வைச் சுற்றிக் கசிந்தால்: பிரஷ்ஷால் ஆகாது. வால்வு நீளம் பொருந்தவில்லை அல்லது வழி அகன்றுவிட்டது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். சாப்பிட்டதும் படுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அளவு பார்த்து மாற்ற டாக்டரோ, பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டோ வேண்டும்.

இரண்டிலும், டாக்டரைப் பார்க்கும்வரை நீர்த்த பானம் வேண்டாம், கூழ் பதத்தில் கொடுங்கள். கசிவை நிறுத்தத் தற்காலிக அடைப்பான் கொடுத்திருந்தால் அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். அப்போது பேச முடியாது, அவ்வளவுதான்.

வால்வே காணோம்: முதலில் தேடுங்கள். தலையணை, துண்டு, வாஷ் பேசின். கிடைக்கவில்லை என்றால் மூச்சுக் குழாய்க்குள் விழுந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இருமல் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை. கிடைத்துவிட்டாலும் அதைத் திருப்பிச் சொருகப் பார்க்காதீர்கள். அந்த வழி சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும். இதற்காக ரப்பர் குழாய் கொடுத்துப் பழக்கியிருந்தால் அதைச் சொருகி, வெளி முனையை முடிச்சுப் போட்டு பிளாஸ்டரால் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். பழக்கவில்லை என்றால் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் கிளம்ப வேண்டியதுதான்.

வால்வின் விலைதான் பலரைத் தள்ளிப்போட வைக்கிறது. பெங்களூருவில் டாக்டர் விஷால் ராவ் குழு உருவாக்கிய ‘ஓம்’ என்ற வால்வை அறிவித்தபோது சொன்ன விலை 50 ரூபாய். உங்கள் மருத்துவமனையில் எது கிடைக்கும், காப்பீட்டில் எது வரும் என்று மாற்றும் நாள் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வே வைக்காதவருக்குக் குடித்தது துளை வழியாக வந்தால் உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறது. வாயால் கொடுப்பதை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

## துளை சின்னதாகிக்கொண்டே வருகிறது

டியூபைக் கழற்றி வைத்த பிறகு, ரேடியேஷன் முடிந்த பிறகு, சிலருக்குத் தழும்பு இறுகித் துளை சுருங்கும். மாதம் ஒரு முறை அதே தூரத்திலிருந்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணுக்குப் பழகிப்போனது போட்டோவில் தெரிந்துவிடும்.

முன்பு வழுக்கிக்கொண்டு போன டியூப் இப்போது இடிக்கிறது என்றால் அழுத்தி நுழைக்காதீர்கள். சிலிகான் டியூபைத் தினமும் சில மணி நேரம், அல்லது இரவு மட்டும் போட்டால் பலருக்குத் துளை நிலைத்துவிடும். எவ்வளவு நேரம், எந்த அளவு என்பது டாக்டர் முடிவு. சளி வெளியே வராத அளவுக்குச் சுருங்கிவிட்டால் சின்ன ஆபரேஷனில் அகலப்படுத்துவார்கள். ஒரே பக்கம் மேடாகி, கெட்டியாகி, அதனால் சுருங்கினால் அது தழும்புதான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

## இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது

கேசட்டில் சளி ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு அது ஒன்றே காரணமாக இருக்கும். புதிது மாற்றினால் முகம் மாறிவிடும். கேசட் இல்லாமலும் வாங்குகிறது என்றால் துளையின் அளவைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் வீட்டில் பார்க்க வேண்டியது முடிந்தது.

இனி டாக்டர் பார்க்க வேண்டியவை: ரத்த சோகை, நீண்ட நாள் புகைத்ததால் வந்த நுரையீரல் நோய், இதயம், தைராய்டு. கடைசியதை அடிக்கோடிடுகிறேன். ஆபரேஷனில் பலருக்குத் தைராய்டின் ஒரு பகுதியையும் எடுத்திருப்பார்கள், பலருக்கு மேலே ரேடியேஷனும் விழுந்திருக்கும். சோர்வு, குளிர் தாங்காமை, எடை கூடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும் "மனசு உடைஞ்சிட்டார்" என்று நாம் தள்ளிவிடுகிறோம். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒரு முறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஆக்சிஜன் மீட்டரில் அவரது வழக்கமான அளவு எவ்வளவு என்று நன்றாக இருக்கும் நாளில் குறித்து வையுங்கள். 92க்குக் கீழே இறங்கி, சளி எடுத்த பிறகும் ஏறாவிட்டால் அன்றே மருத்துவமனை.

## மூச்சோடு ஒட்டிய சில்லறைத் தொல்லைகள்

மூக்கு ஒழுகும், சிந்த முடியாது. துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாசனை தெரியாது. வாயை மூடிக்கொண்டு, தாடையையும் நாக்கின் அடியையும் கீழே இறக்கி, மூடிய வாயோடு கொட்டாவி விடுவது போலத் திரும்பத் திரும்பச் செய்தால் மூக்குக்குள் கொஞ்சம் காற்று போகும். ஸ்பீச் தெரபிஸ்டிடம் பழகினால் பலருக்கு வாசனை திரும்புகிறது, அதோடு சாப்பாட்டில் ருசியும். அதுவரை கேஸ் கசிந்தாலும், சோறு ஊசிப் போனாலும் அவருக்குத் தெரியாது. சமையலறையில் கேஸ் அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

முக்க முடியாததால் மலச்சிக்கல் வரும், கனமும் தூக்க வராது. நார்ச்சத்து, தண்ணீர், தேவைப்பட்டால் மருந்து.

குளிக்கும்போது தலையைக் குனிந்து பின்னாலிருந்து ஊற்றினால் தண்ணீர் துளைக்கு வராது. ஷவரை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொள்ளட்டும். ஆறு, குளம், கடல் வேண்டாம். கோயில் குளத்தில் முழுக்குப் போட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றி விடுங்கள்.

## வேறு எதற்காகவோ மருத்துவமனை போகும்போது

கால் உடைந்து போனாலும், கண்ணில் புரை என்று போனாலும், முதல் பேச்சு கழுத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். கேஷுவாலிட்டியில் அவசரத்தில் முகத்தில் மாஸ்க் மாட்டுவது நடக்கிறது. துணி கட்டியிருப்பதால் துளை கண்ணில் படுவதும் இல்லை. மயக்க மருந்து கொடுப்பவருக்கும் தனியாகச் சொல்லுங்கள். வாய் வழியாக டியூப் போட இவருக்கு வழியே கிடையாது.

ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்து, சட்டைப் பையில் ஒன்று, பைக்கில் ஒன்று, போன் கவருக்குப் பின்னால் ஒன்று வையுங்கள். எங்கள் அட்டையில் இருப்பது இதுதான்: "குரல்வளை முழுவதும் எடுக்கப்பட்டது. கழுத்துத் துளை வழியாக மட்டுமே மூச்சு. ஆக்சிஜன் கழுத்துக்குக் கொடுக்கவும். வாய், மூக்கு வழியாக டியூப் போட முடியாது. பேச முடியாது, காது கேட்கும்." கீழே வீட்டு நம்பர் இரண்டு, சிகிச்சை எடுக்கும் மருத்துவமனையின் ஓ.பி. நம்பர். கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது அப்பாதான். அவர் பேசவில்லை என்றதும் எல்லோரும் அவர் காதருகே வந்து கத்துகிறார்களாம்.